உழைத்த நாடும் உறையும் நாடும்

மும்பையில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர், எஞ்சிய நாளைக் கும்பகோணத்தில் கழிக்கலாம் என்று மூட்டை கட்டினால், அவருடைய ஓய்வூதியத்துக்கு உரிய வருமான வரி அதனால் ஒரு காசும் கூடுவதில்லை, குறைவதுமில்லை. தில்லியிலிருந்து திருச்சிக்குப் போனாலும், கொல்கத்தாவிலிருந்து கோவைக்குப் போனாலும் அப்படியே. வங்கிக் கிளையை மாற்றித் தருமாறு ஒரு விண்ணப்பம், ஆண்டுக்கு ஒருமுறை உயிருடன் இருப்பதற்கு ஒரு சான்று. இவ்வளவில் காரியம் முடிந்துவிடும். நாடு ஒன்று, வரிச் சட்டம் ஒன்று.

ஒரு நாட்டில் உழைத்து வேறொரு நாட்டில் ஓய்வைக் கழிப்பவரின் நிலை இவ்வளவு எளிதன்று. அவருடைய பணம் பிறக்கும் நாடு ஒன்று; அவர் இருக்கும் நாடு வேறொன்று. இரு நாடுகளும் அப்பணத்தின்மேல் கை வைக்க உரிமை கோரலாம். இவ்வாறு வாழ்வோரில் பிரிட்டிஷார் பலர். வெயிலை நாடி ஸ்பெயினுக்கும் போர்த்துகலுக்கும் சைப்பிரஸுக்கும் செல்வோர், மக்கள் குடியேறிய ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் பின்தொடர்வோர் என அவர்கள் உலகெங்கும் பரவியிருக்கின்றனர். அவர்களுடைய ஓய்வூதியத்துக்கு வரி எப்படி விதிக்கப்படுகிறது என்பதையே இத்திங்கள் ஆராய எடுத்துக்கொண்டோம்.

இது நமக்கு எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். நம் குடும்பங்கள் பலவற்றில் மகனோ மகளோ, தம்பியோ நாத்தனாரோ பிரிட்டனில் வேலை பார்த்து வருகின்றனர். மருத்துவராகவும் தாதியராகவும் ஆசிரியராகவும் அங்கே நரை கண்டவர்களுள் சிலர் இப்போது ஊர் திரும்பும் யோசனையில் இருக்கின்றனர். ஆங்கிலேயர் ஒருவர் ஸ்பெயினுக்குப் போகும்போது அவரைக் கட்டுப்படுத்தும் முறையே, நம்மவர் கோயம்புத்தூருக்குத் திரும்பும்போது அவரையும் கட்டுப்படுத்தும். அதனால் இது அயலார் கதை அன்று.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பிரிட்டனில் ஓய்வூதியம் என்பது ஒரே பொருளன்று. அது மூவகைப்படும். இம்மூன்றையும் வேறுபடுத்தி அறியாமல் வரியைப் பற்றிப் பேசுவது வீண்.

முதலாவது, நாட்டு மக்கள் எல்லாருக்கும் பொதுவான அரசாங்க ஓய்வூதியம். வேலை செய்யும் காலத்தில் தேசிய இன்ஷூரன்ஸ் என்னும் சந்தாவைச் செலுத்தியவர்க்கு இது உரியது. 2016 ஏப்ரல் 6 முதல் நடப்பிலுள்ள புதிய முறைப்படி, முழுத் தொகை பெற 35 ஆண்டுச் சந்தா வேண்டும். 10 ஆண்டுக்குக் குறைந்தால் பொதுவாக ஒன்றும் இல்லை. 2025-26-ஆம் ஆண்டில் முழுத் தொகை வாரத்துக்கு 230.25 பவுன். பவுன் என்றால் நம் நகைக்கடைப் பவுனன்று, ஸ்டெர்லிங் நாணயம்.

இரண்டாவது, கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள் தம் முதலாளி நடத்தும் நிதியிலிருந்தோ, தாமே சேர்த்துவைத்த தனி நிதியிலிருந்தோ பெறுவது.

மூன்றாவது, அரசாங்க ஊழியம் செய்தவர்க்கு அவ்வூழியத்துக்காகக் கிடைப்பது. அலுவலக உத்தியோகஸ்தர், படைவீரர், போலீஸார், தீயணைப்போர், நகரசபை ஊழியர், அரசாங்கப் பள்ளி ஆசிரியர் முதலானோர் இவ்வகையினர்.

முதலாவதையும் மூன்றாவதையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவோர் மிகப் பலர். இரண்டிலும் 'அரசாங்கம்' என்ற சொல் இருப்பதே குழப்பத்துக்குக் காரணம். முதலாவது, சந்தா செலுத்திய எவருக்கும் அரசாங்கம் தருவது. மூன்றாவது, அரசாங்கத்திடம் வேலை பார்த்தவருக்கு மட்டும் தருவது. வரி முறையில் இவ்விரண்டும் எதிரெதிர்த் திசையில் செல்வதைப் பின்னர்க் காண்போம். இங்கே நம்மவர் குறித்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையில் பணியாற்றிய மருத்துவரும் தாதியரும் பெறும் ஓய்வூதியம், பொதுப் பணத்தைச் சார்ந்ததாயினும், வரி உடன்படிக்கைகளின் நோக்கில் பொதுவாக மூன்றாம் வகையில் சேர்வதில்லை. இரண்டாம் வகையாகவே அங்குள்ள வரி இலாகா அதைக் கருதுகிறது.

இனி வரிக்கு வருவோம். பிரிட்டிஷ் சட்டத்தின்படி, பிரிட்டனில் பிறக்கும் ஓய்வூதியம் எதுவாயினும், அதைப் பெறுபவர் எங்கே வாழ்ந்தாலும், முதற்கண் அது பிரிட்டிஷ் வரிக்கு உட்பட்டதே. ஆயினும் ஆண்டுக்கு 12,570 பவுன் வரையுள்ள வருமானத்துக்கு வரி இல்லை. பிரிட்டிஷ் குடிமகன் வெளிநாட்டில் வாழ்ந்தாலும் இவ்விலக்கை இழப்பதில்லை. அதற்குமேல் 50,270 பவுன் வரை நூற்றுக்கு 20 வீதம், பின்னர் 40, 125,140 பவுனுக்கு மேல் 45.

இவ்விலக்கு 2021-ஆம் ஆண்டு முதல் ஒரே இடத்தில் நிற்கிறது. அரசாங்க ஓய்வூதியமோ ஆண்டுதோறும் ஏறுகிறது. 2026 ஏப்ரலில் அது வாரத்துக்கு 241.30 பவுன் ஆயிற்று. 52 வாரத்துக்குக் கணக்கிட்டால் 12,547.60 பவுன் வருகிறது. வரியில்லா வரம்புக்கும் அதற்கும் இடையே எஞ்சியிருப்பது 22.40 பவுனே. வேறு சிறு ஓய்வூதியம் ஒன்று சேர்ந்தாலும், அது முழுவதும் வரிக்கு இரையாகும் நிலை வந்துவிட்டது.

வரியைப் பிடிக்கும் முறையிலும் வேறுபாடு உண்டு. அரசாங்க ஓய்வூதியம் வரி பிடிக்கப்படாமல் முழுமையாகவே கைக்கு வரும். கம்பெனி ஓய்வூதியமும் அரசுப் பணி ஓய்வூதியமும், வரி இலாகா கொடுக்கும் ஒரு குறியீட்டின்படி வரி பிடிக்கப்பட்ட பிறகே வரும். முழுமையாக வந்துவிட்டதால் வரி இல்லை என்று முதலாவதைப் பற்றி எண்ணிவிடலாகாது. பிடிக்காமல் வந்த பணத்துக்கும் கணக்குக் கேட்கும் நாடு ஒன்று இருக்கவே செய்யும்.

அந்நாடு எது? இங்கேதான் உடன்படிக்கைகள் வருகின்றன. ஒரே வருமானத்தை இரு நாடுகளும் வரிக்கு உட்படுத்தினால் மனிதன் ஓட்டாண்டியாவான். ஆகவே பிரிட்டன் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளோடு இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கை செய்துகொண்டிருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை கூறும் நெறி இது: ஒருவன் எந்நாட்டில் வாழ்கின்றானோ அந்நாடே அவனது ஓய்வூதியத்துக்கு வரி வாங்கட்டும். இதில் நியாயம் உண்டு. அவன் நடக்கும் சாலை, குடிக்கும் தண்ணீர், நோயுற்றால் படுக்கும் ஆஸ்பத்திரி எல்லாம் அந்நாட்டினுடையவை அல்லவா?

எந்நாட்டில் வாழ்கிறார் என்பதைக் குடியுரிமைச் சீட்டு தீர்மானிப்பதில்லை. நாட்கணக்கே தீர்மானிக்கிறது. 2013 ஏப்ரல் 6 முதல் பிரிட்டன் இதற்கெனச் சட்டமூலமான சோதனை ஒன்றை வைத்திருக்கிறது. ஒரு வரி ஆண்டில் 183 நாள் அங்கே தங்கியவர் அங்கு வசிப்பவரே. 16 நாளுக்கும் குறைவாகத் தங்கியவர் வசிப்பவர் அல்லர். இடைப்பட்டவர்களுக்கு வீடு, வாழ்க்கைத்துணை, வேலை முதலிய பிணைப்புகளை எண்ணிப் பார்த்து முடிவு செய்வர். பேரக் குழந்தையைப் பார்க்க வந்தேன், மழையால் இரண்டு மாதம் தங்கிவிட்டேன் என்று சொல்லும் சமாதானம் நாட்கணக்கின் முன் நிற்காது.

உடன்படிக்கையின் பயன் தானாக வந்து சேர்வதும் இல்லை. ஸ்பெயினில் குடியேறிய ஆங்கிலேயர், தாம் அங்கே வரி செலுத்துபவர் என்று அந்நாட்டு வரி அலுவலகத்தின் சான்றை வாங்க வேண்டும். அதை விண்ணப்பத்தோடு பிரிட்டிஷ் வரி இலாகாவுக்கு அனுப்ப வேண்டும். இலாகா அதை ஏற்று, 'வரி வேண்டா' என்று பொருள்படும் என்.டி. என்னும் குறியீட்டை ஓய்வூதியம் தரும் நிறுவனத்துக்கு அனுப்பிய பின்னரே பிடித்தம் நிற்கும். அதுவரை பிடிக்கப்பட்டதைத் திரும்பக் கேட்டுப் பெறலாம். ஆனால் காத்திருக்க வேண்டும். இதற்கிடையில் ஸ்பெயின் தன் வரியைக் கேட்கும். பிரிட்டனின் வரி ஆண்டு ஏப்ரல் 6-இல் தொடங்கி மறு ஏப்ரல் 5-இல் முடிகிறது. ஸ்பெயினின் ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. இரு கணக்கும் பொருந்தாமல் முதல் ஆண்டில் திண்டாடாதவர் அரியர். கையில் சில மாதச் செலவுக்குப் பணம் வைத்துக்கொள்ளாமல் புறப்படுவோர் படும்பாடு இதனால் விளைவதே.

மூன்றாம் வகையான அரசுப் பணி ஓய்வூதியத்துக்கு நெறி வேறு. அரசனிடம் ஊழியம் செய்தவனுக்கு அவ்வரசன் தரும் பணத்துக்கு வேற்றரசன் வரி வாங்குதல் முறையன்று என்பது நாடுகளிடையே நிலவும் பழைய மரியாதை. ஆகவே அது பெரும்பாலும் பிரிட்டனிலேயே வரிக்கு உட்படும். பெறுபவர் வாழும் நாட்டின் குடிமகனாகவும் இருந்தால் மட்டும் அந்நாட்டுக்கு உரிமை மாறும்.

எடுத்துக்காட்டாக இரு ஆங்கிலேயரை எண்ணிப் பார்ப்போம். ஒருவர் அரசாங்கப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். மற்றவர் வங்கிக் குமாஸ்தா. இருவருக்கும் அவரவர் வேலைக்கான ஓய்வூதியம் ஆண்டுக்கு 18,000 பவுன். இருவரும் ஸ்பெயினில் அலிகாந்தே நகரில் அடுத்தடுத்த வீட்டில் வாழ்கின்றனர். ஆசிரியர் 12,570 பவுன் போக எஞ்சிய 5,430 பவுனுக்கு நூற்றுக்கு 20 வீதம் 1,086 பவுனைப் பிரிட்டனுக்குச் செலுத்துவார். குமாஸ்தா பிரிட்டனுக்கு ஒன்றும் செலுத்த வேண்டுவதில்லை. முழுத் தொகைக்கும் ஸ்பெயினின் வீதப்படி ஸ்பெயினுக்கே செலுத்துவார். ஆசிரியர் தப்பிவிட்டார் என்று எண்ண வேண்டா. 2013-இல் கையொப்பமான பிரிட்டன்-ஸ்பெயின் உடன்படிக்கைப்படி, அவருடைய ஆசிரியர் ஓய்வூதியத்துக்கு ஸ்பெயின் வரி வாங்காதாயினும், அவருடைய மற்ற வருமானத்துக்கு எவ்வீதம் பொருந்தும் என்று நிர்ணயிக்கும்போது அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். அவருக்கு வரும் பொதுவான அரசாங்க ஓய்வூதியம் ஸ்பெயினில் வரிக்கு உட்பட்டது. ஆகவே அதன்மேல் உயர்ந்த வீதம் விழும்.

எல்லா உடன்படிக்கைகளும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. ஆஸ்திரேலியாவோடு 2003-இல் செய்த உடன்படிக்கையில் அரசுப் பணி ஓய்வூதியமும் வாழும் நாட்டுக்கே விடப்பட்டது. சைப்பிரஸிலோ கதை நடுவழியில் திரும்பிற்று. பழைய உடன்படிக்கைப்படி, அங்கே குடியேறிய பிரிட்டிஷ் படைவீரர்களும் ஆசிரியர்களும் தம் ஓய்வூதியத்துக்குச் சைப்பிரஸின் மெல்லிய வரியையே செலுத்தி வந்தனர். வெளிநாட்டு ஓய்வூதியத்துக்கு, ஒரு சிறு வரம்புக்கு மேல், நூற்றுக்கு 5 வீதம் என்பது அங்குள்ள சலுகை. 2018-இல் செய்த புதிய உடன்படிக்கை அவ்வுரிமையைப் பிரிட்டனுக்கு மாற்றிவிட்டது. கூக்குரல் எழுந்தபின், 2024 முடிய ஐந்தாண்டு காலத்துக்குப் பழைய முறையையே விரும்பினால் வைத்துக்கொள்ளலாம் என்று அதே ஆண்டு டிசம்பரில் திருத்தம் வந்தது. அத்தவணையும் முடிந்துவிட்டது. வரி குறைவு என்று எண்ணி வீடு வாங்கியவர்கள், வீட்டை வைத்துக்கொண்டு குறைந்த வரியை இழந்தனர்.

போர்த்துகலின் வரலாறும் இதே பாடத்தைக் கற்பிக்கிறது. 2009-இல் அந்நாடு புதிதாகக் குடியேறுவோருக்குப் பத்தாண்டுச் சலுகைத் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. வெளிநாட்டு ஓய்வூதியத்துக்கு அங்கே வரி இல்லை. உடன்படிக்கையால் பிறந்த நாட்டிலும் இல்லை. இரு பக்கமும் தப்பிய பணத்தைக் கண்டு பின்லாந்து சினமுற்று, 2018-இல் போர்த்துகலோடு இருந்த உடன்படிக்கையையே முறித்துக்கொண்டது. 2020-இல் போர்த்துகல் புதியவர்களுக்கு நூற்றுக்கு 10 வீதம் வரி விதித்தது. 2024-இல் புதியவர்களுக்கு அத்திட்டத்தின் கதவையே அடைத்தது. ஏற்கெனவே ஏற்பாடு செய்துகொண்டிருந்த சிலருக்கு மட்டும் சிறிது தவணை கொடுத்தது. சலுகையை நம்பி ஊரைத் தேர்வது, சந்தைக் கூடாரத்தை நம்பிக் குடித்தனம் வைப்பது போன்றது.

மொத்தத் தொகை பற்றியும் ஒரு சொல். பிரிட்டனில் தனி நிதி சேர்த்தவர், பொதுவாக அதில் நாலில் ஒரு பங்கை, 268,275 பவுன் என்னும் உச்ச வரம்புக்குள், வரியின்றி எடுத்துக்கொள்ளலாம். இது பிரிட்டிஷ் சட்டம் தரும் விலக்கு. வேற்று நாடு இதை மதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஸ்பெயின் அதை வருமானமாகவே கருதும். ஆகவே அத்தொகையை எடுக்க விரும்புவோர், அந்நாட்டில் வசிப்பவராவதற்கு முன்னரே எடுத்துவிடுவது அறிவுடைமை என்பர்.

நிதி முழுவதையும் வெளிநாட்டுத் திட்டத்துக்கு மாற்றித் தருகிறோம் என்று வரும் தரகரிடமும் எச்சரிக்கை வேண்டும். 2006 முதல் இத்தகைய மாற்றத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் 2017 மார்ச் 9 முதல், பல மாற்றங்களுக்கு நூற்றுக்கு 25 வீதம் தனி வரி உண்டு. ஐரோப்பியத் திட்டங்களுக்கு மாற்றுவோருக்கு இருந்த விலக்கும் 2024 அக்டோபர் 30-இல் சுருங்கிப் போயிற்று. தாம் வாழும் நாட்டில் உள்ள திட்டத்துக்கே மாற்றுவோர் முதலிய சிலரே இப்போது தப்புகின்றனர். வாழ்நாள் சேமிப்பில் கால்பங்கை ஒரே கையெழுத்தில் இழக்கலாம் என்பதைத் தரகர் முதலில் சொல்லமாட்டார்.

இதுகாறும் கூறியது வரி. இனிக் கூறப்போவது வரியினும் கொடியது. பிரிட்டனில் வாழ்வோருக்கு அரசாங்க ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயர்கிறது. விலைவாசி உயர்வு, ஊதிய உயர்வு, நூற்றுக்கு 2.5 என்னும் மூன்றில் எது மிகுதியோ அவ்வளவு உயர்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வாழ்வோருக்கும், பிரிட்டன் அவ்வொன்றியத்தை 2020-இல் விட்டு விலகிய பின்னும், அவ்வுயர்வு கிடைத்து வருகிறது. அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், துருக்கி, ஜமைக்கா போன்ற, இதற்கெனத் தனி ஒப்பந்தம் உள்ள நாடுகளிலும் கிடைக்கிறது. ஆஸ்திரேலியா, கனடா, நியூஸிலாந்து, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளில் வாழ்வோருக்குக் கிடைப்பதில்லை. அங்கே குடியேறிய நாளில், அல்லது அங்கிருந்தபடி ஓய்வூதியம் தொடங்கிய நாளில், எத்தொகையோ அதுவே இறுதிவரை. இவ்வாறு உறைந்த ஓய்வூதியம் பெறுவோர் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்.

கணக்கைப் பார்த்தால் நெஞ்சு துணுக்குறும். 2000-ஆம் ஆண்டில் பழைய முறையின் அடிப்படை ஓய்வூதியம் வாரத்துக்கு 67.50 பவுன். அவ்வாண்டில் தொடங்கி பிரிட்டனிலேயே தங்கியவர் 2025-26-இல் பெற்றது 176.45 பவுன். அதே ஆண்டில் தொடங்கி இந்தியாவிலோ ஆஸ்திரேலியாவிலோ வாழ்பவர் பெற்றது அதே 67.50 பவுன். ஆண்டுக்கு வேறுபாடு 5,665 பவுன். சந்தா இருவரும் ஒன்றாகவே செலுத்தினர்.

இதை எதிர்த்து வழக்காடியவர் ஆனெட் கார்சன் என்னும் அம்மையார். 1989-இல் தென்னாப்பிரிக்காவுக்குக் குடிபெயர்ந்த இவர், அங்கிருந்தபடியே 1999 வரை தாமாக முன்வந்து சந்தா செலுத்தினார். 2000-இல் ஓய்வூதியம் தொடங்கிற்று. அடிப்படைத் தொகை 67.50 பவுனில் உறைந்தது. 2005-இல் பிரபுக்கள் சபை அவர் கோரிக்கையைத் தள்ளிற்று. அவரும் மற்றும் பன்னிருவரும் ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குச் சென்றனர். 2010 மார்ச் 16-ஆம் நாள் அந்நீதிமன்றத்தின் பேரமர்வில் பதினொருவர் எதிராகவும் அறுவர் ஆதரவாகவும் நின்றமையால் வழக்குத் தோற்றது. சந்தா என்பது தனி ஒருவர் பெயரில் சேரும் வைப்புநிதி அன்று. சமூகப் பாதுகாப்பு முதற்கண் அந்நாட்டில் வாழ்வோருக்கு உரியது. ஒரு நாட்டோடு ஒப்பந்தம் செய்தமையால் எல்லா நாட்டோடும் செய்ய வேண்டும் என்பதில்லை என்று தீர்ப்புக் காரணம் காட்டிற்று. வெளிநாட்டில் வாழ்வோர் பிரிட்டனுக்கு வரி செலுத்தி அவ்வுயர்வின் செலவை ஈடுசெய்வதில்லை என்பதும் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று.

இங்கே நாம் சிறிது நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் வாழ்பவர் பிரிட்டனுக்கு வரி செலுத்தாமைக்குக் காரணம் அவருடைய விருப்பமா? வரியை எந்நாட்டுக்கு விடுவது என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டது பிரிட்டிஷ் அரசாங்கமே அல்லவா? அமெரிக்காவில் வாழும் ஆங்கிலேயரும் தம் அரசாங்க ஓய்வூதியத்துக்குப் பிரிட்டனில் வரி செலுத்துவதில்லை. அவருக்கு உயர்வு உண்டு. இந்தியாவில் வாழும் பிரிட்டிஷ் ஆசிரியர் ஒருவர் தம் ஆசிரியர் ஓய்வூதியத்துக்குப் பிரிட்டனுக்கே வரி செலுத்திக்கொண்டிருக்கிறார். அவருடைய அரசாங்க ஓய்வூதியத்துக்கோ உயர்வு இல்லை. ஆகவே வரியைக் காரணமாகக் கூறுவது முழுவதும் பொருந்தவில்லை. பெருஞ்செலவு ஆகும் என்று அரசாங்கம் கூறுவது மெய்யான காரணமாக இருக்கலாம். மெய்யான காரணம் எல்லாம் நியாயமான காரணம் ஆகிவிடாது.

நம் முன்னோர் பென்ஷனை 'உபகாரச் சம்பளம்' என்றனர். வேலைக்குத் தருவது சம்பளம், வேலை நின்றபின்னும் தருவது உபகாரம் என்பது அச்சொல்லின் கருத்து. 1982 டிசம்பர் 17-ஆம் நாள், நகாரா வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் இக்கருத்தை மறுத்தது. ஓய்வூதியம் ஆள்வோரின் தயவில் வரும் கொடையன்று; செய்த பணிக்கு உரிய உரிமை என்று அது கூறிற்று. அந்நாளையே நம் நாட்டு ஓய்வூதியர் தம் நாளாகக் கொண்டாடி வருகின்றனர். அது அரசாங்க ஊழியரைப் பற்றிய தீர்ப்பு. பிரிட்டனின் சந்தா முறையைப் பற்றியதன்று. ஆயினும் கேள்வி ஒன்றே. முதுமையில் வரும் பணம் உபகாரமா, உரிமையா? உயர்வு தருவதும் மறுப்பதும் ஆள்வோர் விருப்பம் என்றால், அது இன்னும் உபகாரச் சம்பளமாகவே இருக்கிறது என்று கூறுவதில் தவறு என்ன?

இனி நம்மவரைப் பற்றி. இந்தியாவும் பிரிட்டனும் 1993-இல் செய்துகொண்ட உடன்படிக்கை இன்றும் நடப்பில் உள்ளது. அதன்படி, இந்தியாவில் வசிப்பவராகிவிட்ட ஒருவரின் அரசாங்க ஓய்வூதியமும் கம்பெனி ஓய்வூதியமும் இந்தியாவில்தான் வரிக்கு உரியவை. அரசுப் பணி ஓய்வூதியம் பிரிட்டனுக்கு உரியது. பெறுபவர் இந்தியக் குடிமகனாகவும் இருந்தால் மட்டும் அதுவும் இந்தியாவுக்கு வரும். இங்கே குடியுரிமை முக்கியமாகிறது. பிரிட்டிஷ் குடியுரிமை பெற்று, ஓ.சி.ஐ. அட்டையோடு ஊர் திரும்புகிறவர் சட்டத்தின் கண்ணில் இந்தியக் குடிமகன் அல்லர். ஒரே பள்ளியில் அருகருகே பணியாற்றிய இரு தமிழர், ஒருவர் குடியுரிமை மாற்றியும் மற்றவர் மாற்றாமலும் சேலத்துக்குத் திரும்பினால், இருவரின் வரியும் இரு நாட்டுக் கருவூலங்களுக்குச் செல்லும்.

நெடுங்காலம் வெளிநாட்டில் வாழ்ந்து திரும்புவோர்க்கு நம் வருமான வரிச் சட்டம் சிறிது மூச்சுவிட இடம் தருகிறது. முந்திய 10 ஆண்டுகளுள் 9 ஆண்டு இந்தியாவில் வசிக்காதவர், அல்லது முந்திய 7 ஆண்டுகளில் மொத்தம் 729 நாளுக்கு மேற்படாமல் இங்கே தங்கியவர், 'சாதாரணமாக வசிப்பவரல்லாதவர்' என்னும் வகுப்பில் வைக்கப்படுவார். வெளிநாட்டில் பிறந்து வெளிநாட்டிலேயே பெறப்படும் ஓய்வூதியத்துக்கு அக்காலத்தில் இங்கே வரி இல்லை. அதையே நேராக இந்திய வங்கிக் கணக்கில் பெற்றால் சலுகை போய்விடும். எந்தக் கணக்கில் முதலில் வந்து விழுகிறது என்ற சிறு செய்தியில் இவ்வளவு அடங்கியிருக்கிறது.

ஆகவே புறப்படும் முன் எண்ணிப் பார்க்க வேண்டியவை சில. தமக்கு வருவது மூவகையுள் எவ்வகை என்று ஓய்வூதியம் தருவோரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுக. போகும் நாட்டோடு உடன்படிக்கை உண்டா, அதில் அவ்வகைக்கு என்ன கூறியிருக்கிறது என்று படித்தவரைக் கொண்டு பார்க்கச் செய்க. மொத்தத் தொகையை எப்போது எடுப்பது என்பதை முடிவு செய்க. வரும் நாளும் போகும் நாளும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருக. எல்லாவற்றுக்கும் மேலாக, அரசாங்க ஓய்வூதியம் உறைந்துவிடும் நாட்டுக்குப் போவதானால், இருபது ஆண்டுக்குப் பின்னும் அதே தொகைதான் என்று வைத்துக் குடும்பக் கணக்கைப் போட்டுப் பார்க்க. அதில் கட்டுப்படியானால் போகலாம். அரசுப் பணி ஓய்வூதியத்துக்கும், உயர்வு தருவதாக விதியில் எழுதியுள்ள கம்பெனி ஓய்வூதியத்துக்கும் வாழும் நாடு எது என்ற தடை இல்லை என்பதையும் அக்கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

நம் வீட்டுப் பிள்ளைகள் அங்கிருந்து பேசும்போது சம்பளம் எவ்வளவு, குளிர் எப்படி என்று கேட்கிறோம். சந்தா எத்தனை ஆண்டு சேர்ந்திருக்கிறது, வேலை எவ்வகையைச் சேர்ந்தது, குடியுரிமையை மாற்றும் எண்ணம் உண்டா என்றும் கேட்கத் தொடங்குவோம். நாற்பது வயதில் கேட்டால் வழி உண்டு. பெட்டியோடு ஊர் வந்து இறங்கிய பின் கேட்டால், அனுதாபம் கூறுவதைத் தவிர நம்மால் செய்யக்கூடியது அதிகம் இல்லை.